ப்ளேஆஃபில் டிஃபென்ஸ் உடைந்தால் யாரைத் திட்டுவது? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்கக் கால்பந்தில் ஜனவரி என்றால் பழி போடும் மாதம். என்எஃப்எல் என்ற லீகின் 32 அணிகளில் 14 ப்ளேஆஃபுக்குள், அதாவது தோற்றால் வெளியே என்ற நாக்அவுட் சுற்றுக்குள், நுழைகின்றன. சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்று கோப்பையோடு ஊர் திரும்புவது ஒன்றுதான். மற்ற 13 அணிகளின் ரசிகர்களும் தோற்ற இரவே ஆரம்பித்துவிடுகிறார்கள். டிஃபென்சிவ் கோஆர்டினேட்டரை (டிஃபென்ஸ் என்ற தடுக்கும் பக்கத்தின் உத்தியை அழைக்கும் கோச்) தூக்கு என்பார் ஒருவர். அந்தக் கார்னர்பேக் (பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர்களைக் காப்பவர்) இனி நம் சட்டையைப் போடவே கூடாது என்பார் இன்னொருவர். காசையெல்லாம் குவாட்டர்பேக்குக்கு (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) கொட்டிய, அணிக்கு ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மூன்றாமவர் வருவார். மூன்று பேரும் போன வருடமும் இதையேதான் சொன்னார்கள்.

மூன்றில் எது சரி என்பது எந்த மாதிரி உடைந்தது என்பதைப் பொறுத்தது. டச்டவுன் (பந்தை எதிரணி எல்லையான எண்ட் ஸோனுக்குள் சேர்ப்பது; 6 புள்ளி, கூடுதல் உதையோடு 7) விழும்போது பக்கத்தில் பரிதாபமாக நிற்கும் ஒருவர் கேமராவில் மாட்டிக்கொள்வார்; பழுது பெரும்பாலும் அவருக்கு இரண்டு படி முன்னால் நடந்திருக்கும். கீழே அறிகுறி, சோதனை, பழி யாருக்கு என்ற வரிசையில் போகிறேன். உங்கள் அணிக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

முதலில்: ஸ்கோரை அப்படியே நம்பாதீர்கள்

ஓர் அணி 43 புள்ளி கொடுத்தது என்றால் அதன் டிஃபென்ஸ் 43 கொடுத்தது என்று அர்த்தமில்லை. 2014 பிப்ரவரியில் நடந்த 48ஆவது சூப்பர் பவுலில் சியாட்டில் 43, டென்வர் 8. ஆட்டத்தின் முதல் ஸ்நாப்பே (பந்தைப் பின்னால் தந்து ஒரு ப்ளேயை, அதாவது ஒரு தாக்குதல் முயற்சியை, தொடங்குவது) டென்வர் குவாட்டர்பேக் பெய்டன் மானிங்கைத் தாண்டி அவர்களுடைய சொந்த எண்ட் ஸோனுக்குள் போனது. சியாட்டிலுக்கு 2 புள்ளி. அப்புறம் சியாட்டிலின் மால்கம் ஸ்மித் டென்வர் வீசிய ஒரு பாஸைப் பறித்து 69 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இரண்டாம் பாதியின் முதல் கிக்கைப் பிடித்த பெர்சி ஹார்வின் நிற்காமல் எல்லைவரை ஓடினார். கூடுதல் புள்ளிகளையும் சேர்த்தால் இந்த மூன்றில் மட்டும் 16. அந்த மூன்று ப்ளேக்களிலும் டென்வர் டிஃபென்ஸ் களத்திலேயே இல்லை. மிச்சம் 27. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் 43 கிடையாது.

இதற்கு நேர் எதிரான கேஸ் கிரீன் பே. வருடக்கணக்காக டிஃபென்ஸைத் திட்டிப் பழகிய ரசிகர்கள் அவர்கள். 2022 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 13–10 என்று தோற்றபோது எதிரணி அஃபென்ஸ் (தாக்கும் பக்கம்) எடுத்தது இரண்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 3 புள்ளி), அதாவது 6 புள்ளி மட்டுமே. மீதி 7 புள்ளி தடுக்கப்பட்ட பன்ட்டில் (பந்தைத் தூர உதைத்து எதிரணிக்குக் கொடுப்பது) வந்தது. அந்த முறை வேலை போனது உதை ப்ளேக்களைக் கவனிக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சுக்கு. நியாயம்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஆட்டத்தின் டிரைவ் (பந்து ஓர் அணியின் கையில் தொடர்ந்து இருக்கும் ஒரு முறை) பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் ஒவ்வொரு டிரைவும் எங்கே தொடங்கியது, எத்தனை ப்ளே ஓடியது, எப்படி முடிந்தது, இந்த மூன்றையும் பாருங்கள். டிஃபென்ஸ் களத்தில் இல்லாதபோது விழுந்த புள்ளிகளை அடித்துவிடுங்கள். உங்கள் குவாட்டர்பேக் பந்தைத் தொலைத்ததால் உங்கள் எல்லைக்கு 30 யார்டுக்குள் தொடங்கிய டிரைவுகளைத் தனியாக ஒதுக்குங்கள். அங்கே ஃபீல்டு கோலோடு நிறுத்தியிருந்தால் அது டிஃபென்ஸின் தோல்வி இல்லை, சாதனை. அடித்தது போக மிச்சம் 20க்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அஃபென்ஸைத் திட்டப் போகலாம்.

அறிகுறி: மூன்று குவாட்டர் வரை சுவர், நான்காவதில் சல்லடை

இந்த நோய்க்கு அட்லாண்டா என்றே பெயர் வைத்துவிடலாம். 2017 பிப்ரவரி 5, 51ஆவது சூப்பர் பவுல். மூன்றாம் குவாட்டரில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக 28–3 என்று முன்னிலை. முடிவில் 34–28 என்று தோல்வி, சூப்பர் பவுல் வரலாற்றின் முதல் ஓவர்டைமில். நியூ இங்கிலாந்து குவாட்டர்பேக் டாம் பிரேடி 466 யார்டு வீசினார். சில நாட்களில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர் ரிச்சர்ட் ஸ்மித்தின் பதவி போனது. வழக்கு முடிந்தது என்றுதான் தோன்றும்.

சோதனை: ப்ளேக்களை எண்ணுங்கள். ஒரு ஆட்டத்தில் ஓர் அணிக்குச் சாதாரணமாக 60, 65 ப்ளே வரும். அன்றைக்கு நியூ இங்கிலாந்து ஓட்டியது 93. அட்லாண்டா அஃபென்ஸ் ஓட்டியது 46. பந்து நாற்பது நிமிடத்துக்கு மேல் பிரேடியின் கையில் இருந்தது. முதல் பாதியில் பிரேடியைத் துரத்தித் துரத்தி அடித்த அதே டிஃபென்சிவ் லைன் நான்காவது குவாட்டரில் இடுப்பில் கையை வைத்து நின்றது சோம்பலால் வந்ததில்லை.

இதில் யாரும் கவனிக்காத ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் குவாட்டரில் அட்லாண்டாவின் ராபர்ட் ஆல்ஃபர்ட் பிரேடியின் பாஸைப் பறித்து 82 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். டிஃபென்ஸின் உச்சம் அது. ஆனால் டிஃபென்ஸ் டச்டவுன் போட்டால் அடுத்த கிக்கும் எதிரணிக்கே போகும், அதே டிஃபென்ஸ் தண்ணீர் குடித்த கையோடு மறுபடி களத்துக்கு வர வேண்டும். அட்லாண்டாவின் களைப்புக்கு அவர்களுடைய மிகச் சிறந்த ப்ளேயும் ஒரு காரணம்.

சரி, அஃபென்ஸ் என்ன செய்தது? 28–12 என்று இருக்கும்போது, எட்டரை நிமிடம் மிச்சம், மூன்றாம் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), தேவை ஒரே ஒரு யார்டு. பந்தைக் கொடுத்து ஓடச் சொல்லாமல் பாஸுக்குப் போனார்கள். நியூ இங்கிலாந்தின் டாண்டா ஹைடவர் உள்ளே புகுந்து அட்லாண்டா குவாட்டர்பேக் மேட் ரயனிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டார். நியூ இங்கிலாந்துக்கு 25 யார்டிலிருந்தே டிரைவ், அதில் 28–20. அதற்குப் பிறகும் ஆட்டம் அட்லாண்டாவின் பையில்தான் இருந்தது. ஹூலியோ ஜோன்ஸ் ஓரத்தில் கால் விரலை ஊன்றிப் பிடித்த பந்து அவர்களை எதிரணியின் 22 யார்டு கோட்டில் கொண்டு வைத்தது. அங்கிருந்து மூன்று முறை தரையில் ஓடிவிட்டு ஃபீல்டு கோல் அடித்தால் 31–20, பதினொரு புள்ளி வித்தியாசம், நேரமும் தீர்ந்துவிடும். ஒரு முறை ஓடினார்கள். அடுத்ததற்கு ரயன் பின்வாங்கி வீசப் போய் 12 யார்டு இழந்து விழுந்தார். அதற்கடுத்து ஹோல்டிங் அபராதம், இன்னும் 10 யார்டு. ஃபீல்டு கோல் தூரம் போய் பன்ட் அடிக்க வேண்டியதாயிற்று. பிரேடி 91 யார்டு நடந்து சமன் செய்தது அதற்குப் பிறகுதான்.

91 யார்டு விட்டுக்கொடுத்த பழியை டிஃபென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் பழியைப் பங்கு போட்டால் பெரிய பங்கு ப்ளே அழைத்த அஃபென்சிவ் கோஆர்டினேட்டர் கைல் ஷானஹனுக்கும், பக்கத்தில் நின்று அதைத் தடுக்காத தலைமைக் கோச் டேன் குவின்னுக்கும்தான். ஷானஹன் அடுத்த நாளே சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைக் கோச்சாகப் போனார். ஸ்மித் வீட்டுக்குப் போனார்.

உங்கள் அணிக்கு: எதிரணியின் ப்ளே எண்ணிக்கை 75ஐத் தாண்டியிருந்தால் உங்கள் அஃபென்ஸின் கடைசி மூன்று டிரைவுகளைப் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை சாதாரணமாக இருந்தும் நான்காவது குவாட்டரில் மட்டும் சரிந்திருந்தால் வேறு கதை. முன்னிலை வந்ததும் மூன்று பேரை மட்டும் துரத்த விட்டு, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தி, பன்னிரண்டு பன்னிரண்டு யார்டாகத் தானம் செய்திருப்பார்கள். அந்தக் கோழைத்தனத்துக்கு முழுப் பொறுப்பும் கோஆர்டினேட்டர்தான். அங்கே தாராளமாகத் திட்டலாம்.

அறிகுறி: ஓட்டத்திலேயே கிழிபடுவது

இது வெளியிலிருந்து பார்க்க ஒரே நோய் மாதிரி தெரியும், உள்ளே இரண்டு. கிரீன் பே ரசிகர்கள் இரண்டையும் ஒரே எதிரணியிடம் அனுபவித்தவர்கள்.

2013 ஜனவரி 12: சான் ஃபிரான்சிஸ்கோ 45, கிரீன் பே 31. குவாட்டர்பேக் காலின் கேப்பர்னிக் மட்டும் 181 யார்டு ஓடினார்; ஒரு குவாட்டர்பேக் ஒரே ஆட்டத்தில் ஓடியதில் அன்றைக்கு அது சாதனை. அவர்கள் பயன்படுத்தியது ரீட் ஆப்ஷன். ஓரத்தில் நிற்கும் டிஃபென்டர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவார்கள். குவாட்டர்பேக் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ரன்னிங் பேக்கை (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்) நோக்கி உள்ளே ஓடினால் குவாட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வெளியே ஓடுவார். அவர் வெளியே நின்றால் பந்து ரன்னிங் பேக்குக்குப் போகும். அந்த டிஃபென்டர் எதைச் செய்தாலும் தப்புத்தான். பின்னால் ஆளுக்கு ஆள் காவல் போட்டிருந்தால் இன்னும் மோசம்: கார்னர்பேக்குகள் எல்லாம் ரிசீவரைப் பார்த்தபடி முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பார்கள். குவாட்டர்பேக் தாண்டிப்போவதே அவர்களுக்குத் தெரியாது.

இங்கே டிவியில் மாட்டிக்கொள்பவர் அந்த ஓரத்து ஆள். குற்றம் அவருடையது இல்லை. குவாட்டர்பேக் யாருடைய பொறுப்பு என்று திட்டத்தில் ஒருவரை ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்காதது கோஆர்டினேட்டர் டாம் கேப்பர்ஸ். கேப்பர்னிக் இரண்டாவது முறை தனியாக வெளியே ஓடிய பிறகும் மாற்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

2020 ஜனவரி 19: மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோ, 37–20. இந்த முறை எந்தத் தந்திரமும் இல்லை. ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓடி நான்கு டச்டவுன் போட்டார். அவர்களுடைய குவாட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ ஆட்டம் முழுக்க வீசிய பாஸ் எட்டே எட்டு. ஓடப் போகிறார்கள் என்பது அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், இருந்தும் நிறுத்த முடியவில்லை.

சோதனை: வீடியோவை ஸ்நாப்புக்கு முன் நிறுத்தி, பந்துக்கு அருகே இருபக்கமும் டேக்கிள் (தாக்கும் வரிசையின் இரு ஓரத்து ஆட்கள்) எல்லைக்குள் நிற்கும் டிஃபென்டர்களை எண்ணுங்கள். வழிவிட்டுத் தடுக்க எதிரணிக்கு ஏழு பேர் இருக்கும் இடத்தில் உங்கள் ஆட்கள் ஆறு பேர்தான் என்றால் அது கணக்கிலேயே தோற்ற ப்ளே. கோஆர்டினேட்டர் பாஸுக்குப் பயந்து ஆளைப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். எட்டுப் பேர் நின்றும் ஆறு யார்டு போகிறது என்றால் அந்த எட்டுப் பேர் போதவில்லை. அப்போது லைன்மேன்களையும் அவர்களைத் தேர்ந்தெடுத்த ஜெனரல் மேனேஜரையும் பாருங்கள். ஆள் சரியான இடத்தில் இருந்து, கை பட்டும் பிடி நழுவுகிறது என்றால் அது ஆளைப் பிடித்துச் சாய்க்கும் பிரச்சினை. அதை அந்தந்த வீரர் கணக்கில் எழுதலாம்.

அறிகுறி: மூன்றாம் டவுன் வரை நன்றாக, மூன்றாம் டவுனில் தப்பவிடுவது

கான்சாஸ் சிட்டி, 2019 ஜனவரி, நியூ இங்கிலாந்துக்கு எதிரான ஏஎஃப்சி (லீகின் இரு பாதிகளில் ஒன்று) இறுதி ஆட்டம். அந்த சீசனில் அவர்களுடைய குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 50 டச்டவுன் வீசி எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர், ஆனார். டிஃபென்ஸ் யார்டு கணக்கில் லீகில் 31ஆவது இடம். ஓவர்டைமில் டாஸ் போனது; அன்றைய விதிப்படி முதலில் பந்து கிடைத்த அணி டச்டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது. மஹோம்ஸ் ஓரத்திலேயே நிற்க, பிரேடி ஒரே டிரைவில் மூன்று முறை மூன்றாம் டவுனில் பத்து யார்டு தேவை என்ற நிலையிலிருந்து தப்பினார். பந்தைப் பிடித்தது இரண்டு முறை ஜூலியன் எடல்மன், ஒரு முறை ராப் கிரான்கௌஸ்கி. ஆட்டம் 37–31.

ரசிகர்கள் இரண்டு கட்சி ஆனார்கள். ஒன்று டீ ஃபோர்டு கட்சி: நான்காவது குவாட்டரின் கடைசி நிமிடத்தில் சார்வேரியஸ் வார்டு பாஸைப் பறித்தார், கான்சாஸ் சிட்டி 28–24 என்று முன்னால், ஆட்டம் முடிந்த மாதிரிதான், ஆனால் ஃபோர்டு கோட்டைத் தாண்டித் தலையை நீட்டி நின்றதால் ஆஃப்சைடு, பறிப்பு செல்லாது. இன்னொன்று பாப் சட்டன் கட்சி: கோஆர்டினேட்டர்தான் எல்லாம். அணி இரண்டாவது கட்சியின் பேச்சைக் கேட்டது, சட்டன் அதே வாரம் போனார்.

சோதனை எளிது. தப்பவிட்ட ஒவ்வொரு மூன்றாம் டவுனையும் போட்டு, ஸ்நாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை எண்ணுங்கள். இரண்டரை நொடிக்குள் போய்விட்டால் ரஷ் செய்பவர்களை (குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்களை) திட்டிப் பயனில்லை. யாரும் அதற்குள் போய்ச் சேர முடியாது. காவல்தான் தளர்வு. மூன்று நொடிக்கு மேல் நின்று நிதானமாக வீசியிருந்தால் கார்னர்பேக்கை விட்டுவிடுங்கள். அவ்வளவு நேரம் யாராலும் ஒட்டிக்கொண்டே ஓட முடியாது. கான்சாஸ் சிட்டி அந்த சீசனில் 52 சேக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பது) எடுத்து லீகில் முதலிடத்தைப் பகிர்ந்த அணி. அன்றைக்கு பிரேடியை ஒரு முறைகூடத் தரையில் சாய்க்கவில்லை. துரத்தத் தெரிந்தவர்கள் இருந்தும் பிரேடி சீக்கிரம் சீக்கிரமாக வீசினார் என்றால் பின்னால் இடம் திறந்தே இருந்தது என்று அர்த்தம்.

கோஆர்டினேட்டரைத் தூக்கினால் சரியாகிவிடும் என்று வாதாடுகிறவர்கள் இந்தக் கதையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்: ஸ்டீவ் ஸ்பக்னோலோ வந்தார், அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுல் கிடைத்தது. பாதிக் கதை. அடுத்த சீசன் தொடங்கும் முன்பே ஃபோர்டு, ஜஸ்டின் ஹூஸ்டன், எரிக் பெர்ரி மூவரும் வெளியே போனார்கள்; டைரன் மாத்யூவும் ஃபிராங்க் கிளார்க்கும் உள்ளே வந்தார்கள். ஆளும் மாறினார்கள், அழைப்பவரும் மாறினார். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அறிகுறி: எல்லாம் சரி, கடைசி நொடிகளில் ஒரே ப்ளேயில் போனது

பழி மிகத் தப்பாகப் போகும் இடம் இது. பத்து வினாடி வீடியோ ஆயுசுக்கும் ஒரு வீரரின் கழுத்தில் தொங்கும். நான்கு கேஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வேறுபாடு என்று தெரியும்.

2018 ஜனவரி 14, மின்னியாபொலிஸ். நியூ ஆர்லியன்ஸ் 24–23 என்று முன்னால், பத்து நொடி மிச்சம், மின்னெசோட்டாவிடம் டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) இல்லை. கேஸ் கீனம் வீசிய பந்தை ஸ்டெஃபான் டிக்ஸ் ஓரக்கோட்டுக்கு அருகே பிடித்தார். நியூ ஆர்லியன்ஸ் சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) மார்கஸ் வில்லியம்ஸ் தலையைக் குனிந்து பாய்ந்தார். டிக்ஸ் மேல் படவே இல்லை, கூட ஓடிவந்த சொந்த அணி வீரரைத்தான் சாய்த்தார். 61 யார்டு டச்டவுன். இங்கே அழைப்பில் தப்பில்லை. ஓரக்கோட்டைக் காக்க வேண்டும், களத்துக்குள் பிடித்தால் கட்டிப்பிடித்து விழ வேண்டும், நேரம் ஓடிவிடும். வில்லியம்ஸ் முதல் வருட வீரர், அந்த சீசன் முழுக்க நன்றாக ஆடியவர். ஆனாலும் இது அவருடைய கணக்குத்தான். சில சமயம் மாட்டிக்கொண்டவரே குற்றவாளி.

2013 ஜனவரி 12, டென்வர் (கேப்பர்னிக் ஓடிய அதே நாள்). பால்டிமோர் ஏழு புள்ளி பின்னால், ஒரு நிமிடத்துக்கும் குறைவு, டைம்அவுட் இல்லை. ஜோ ஃபிளாக்கோ வீசிய பந்து சேஃப்டி ரஹீம் மூர் தலைக்கு மேல் போய் ஜகோபி ஜோன்ஸ் கையில் விழ, 70 யார்டு டச்டவுன். இரட்டை ஓவர்டைமில் டென்வர் 38–35 என்று தோற்றது. மூர் பந்தின் பாதையைத் தவறாகக் கணித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சற்று முன் மூன்றாம் டவுனில் ஏழு யார்டு தேவைப்பட்டபோது பெய்டன் மானிங்கை வைத்துக்கொண்டு நடுவில் ஓட விட்டு, பன்ட் அடித்து, பந்தைத் திருப்பிக் கொடுத்தது யார்? சமன் ஆன பிறகு 31 நொடி இருக்க மண்டியிட்டு நேரத்தைக் கடத்தி ஓவர்டைமுக்குப் போகச் சொன்னது யார்? தலைமைக் கோச் ஜான் ஃபாக்ஸ். எழுபது சதவீதம் மூர் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பாதிக்குப் பாதி.

2021 ஜனவரி 24, கிரீன் பே. முதல் பாதி முடிய எட்டு நொடி, டாம்பா பே 39 யார்டில். அந்த நேரத்தில் எதிரணிக்கு வேண்டியது எண்ட் ஸோன் மட்டும்தான். டிஃபென்ஸோ ஆளுக்கு ஆள் காவல் அழைத்து, கார்னர்பேக் கெவின் கிங்கைத் தனியாக விட்டது. ஸ்காட்டி மில்லர் அவரைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். 21–10. ஆட்டம் 31–26 என்று முடிந்தது. கிங் அன்றைக்கு வேறு இடங்களிலும் அடி வாங்கினார் என்பது உண்மை. ஆனால் பின்னால் யாருமே இல்லாமல் அவரை அங்கே நிறுத்தியது அழைப்பு. கோஆர்டினேட்டர் மைக் பெட்டினின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. சரியான ஆள் மாட்டினார்.

கடைசியாக, பஃபலோ ரசிகரிடம் ‘13 நொடி’ என்று மட்டும் சொன்னால் போதும். 2022 ஜனவரி 23, கான்சாஸ் சிட்டி. பஃபலோவின் கேப்ரியல் டேவிஸ் தன் நான்காவது டச்டவுனைப் போட்டு 36–33. மிச்சம் 13 நொடி. பஃபலோ கிக்கை எண்ட் ஸோன் தாண்டி அடித்தது; டச்பேக், ஒரு நொடிகூடக் குறையவில்லை. மஹோம்ஸ் டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு, டிராவிஸ் கெல்சிக்கு 25 யார்டு. ஹாரிசன் பட்கர் 49 யார்டு ஃபீல்டு கோல். சமன். ஓவர்டைமில் பஃபலோ குவாட்டர்பேக் ஜோஷ் ஆலன் பந்தைத் தொடவே இல்லை, 42–36.

இதில் எந்தக் கார்னர்பேக்கின் பெயரையும் யாரும் சொல்வதில்லை, அதுவே விடை. கிக்கைக் குட்டையாக உருட்டியிருந்தால் சில நொடி தின்றிருக்கும். காவலர்கள் ஓரத்தையும் ஆழத்தையும் காத்து நடுவைத் திறந்து விட்டார்கள். எதிரணியிடம் டைம்அவுட் இல்லாவிட்டால்தான் அது சரி. கான்சாஸ் சிட்டி கையில் டைம்அவுட் இருந்தது. மின்னியாபொலிஸில் சரியாக இருந்த அதே காவல் இங்கே தற்கொலை. தலைமைக் கோச் ஷான் மெக்டெர்மட்டும் கோஆர்டினேட்டர் லெஸ்லி ஃபிரேசியரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது. ஓவர்டைம் விதியையும் திட்டினார்கள், 2022 மார்ச்சில் ப்ளேஆஃப் ஓவர்டைமில் இரு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று மாற்றப்பட்டது.

ஆக, கடைசி நொடி கேஸில் கேட்க வேண்டிய கேள்விகள்: எதிரணியிடம் டைம்அவுட் உண்டா? மாட்டியவருக்குப் பின்னால் துணை இருந்ததா? அதற்கு முந்தைய டிரைவில் நம் அஃபென்ஸ் நேரத்தைக் கரைத்ததா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் மட்டும் வீரரைத் தொடுங்கள்.

அறிகுறி: சீசன் முழுக்க முன்வரிசை டிஃபென்ஸ், ப்ளேஆஃபில் காணோம்

பந்து பறிப்பைப் பாருங்கள். பறிப்பு நிறைய வரும் வருடம் எல்லாக் குறையையும் மூடிவிடும். 2011இல் கிரீன் பே 15 வெற்றி, 1 தோல்வி. டிஃபென்ஸ் 31 பாஸ் பறித்தது. அதே டிஃபென்ஸ்தான் லீகிலேயே அதிக யார்டு கொடுத்ததும். சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே சேஃப்டி நிக் காலின்ஸ் கழுத்தில் அடிபட்டு, அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. பின்வரிசையை ஒழுங்குபடுத்தியவர் அவர். ப்ளேஆஃபில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 37–20 என்று வந்து அடித்துவிட்டுப் போனது. முதல் பாதி முடியும் நொடியில் ஜயன்ட்ஸின் ஈலை மானிங் உயரே வீசிய பந்தை ஹக்கீம் நிக்ஸ் எண்ட் ஸோனில் பிடித்தது அதில் ஒன்று. கிரீன் பே தானே நான்கு முறை பந்தைத் தொலைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டல்லஸும் இதே வகை. 2023 சீசனில் டாரன் பிளாண்ட் பறித்த பாஸ்களில் ஐந்தை டச்டவுனாக்கி என்எஃப்எல் சாதனை படைத்தார். 2024 ஜனவரியில் டல்லஸின் சொந்த மைதானத்திலேயே கிரீன் பே 27–0 என்று போய் 48–32 என்று முடித்தது (அதில் ஒன்று டல்லஸ் வீசிய பாஸைப் பறித்துப் போட்டது, முதல் பகுதிப்படி அடித்துவிடுங்கள்). டிஃபென்ஸுக்குப் பொறுப்பு அட்லாண்டாவில் பார்த்த அதே டேன் குவின். டல்லஸ் ரசிகர்கள் அவரைத் திட்டி முடிப்பதற்குள் வாஷிங்டன் அவரைத் தலைமைக் கோச்சாக்கிவிட்டது. அடுத்த சீசனில் அந்த அணி என்எஃப்சி (லீகின் மற்றொரு பாதி) இறுதி ஆட்டம்வரை போனது.

பறிப்பு காரணம் இல்லையென்றால் காயப் பட்டியலைப் பாருங்கள். மேலே சொன்ன பஃபலோ அந்த சீசனில் யார்டிலும் புள்ளியிலும் லீகின் முதல் டிஃபென்ஸ். அவர்களுடைய முதன்மைக் கார்னர்பேக் ட்ரெடேவியஸ் ஒயிட் நவம்பரிலேயே முழங்கால் கிழிந்து வெளியே போயிருந்தார். அதன் விலை மஹோம்ஸ் மாதிரி ஒருவர் எதிரே வரும்போதுதான் தெரியும்.

அறிகுறி: கோஆர்டினேட்டர் மாறுகிறார், தோல்வி மாறவில்லை

கிரீன் பேயில் கேப்பர்ஸ் 2009 முதல் 2017 வரை, பெட்டின் 2020 வரை, ஜோ பேரி 2023 வரை. மூவரும் திட்டு வாங்கியே போனார்கள். கேப்பர்ஸ் 2011 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்ற டிஃபென்ஸை நடத்தியவர் என்பது அதற்குள் மறந்துபோயிருந்தது.

இந்த இடத்தில் அணி டிஃபென்ஸில் முதலீடே செய்யவில்லை என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கிரீன் பே விஷயத்தில் அது செல்லாது. 2012 முதல் 2019 வரை டிராஃப்டின் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்வது) முதல் சுற்றில் அவர்கள் எடுத்த ஒவ்வொருவரும் டிஃபென்ஸ் வீரர்தான். குறை தேர்விலும் தேறியவர்களை வளர்த்ததிலும் இருக்கிறது. அந்தக் கேள்வி ஜெனரல் மேனேஜருக்கும், கோஆர்டினேட்டர்களை நியமித்த தலைமைக் கோச்சுக்கும் போக வேண்டியது. உங்கள் அணியிலும் முதல் சுற்றுத் தேர்வுகளை எழுதிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

எதிரணி அன்றைக்கு மேலாக ஆடியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி: களத்தில் இருந்திருக்க வேண்டியவர் யாராவது ஓரத்தில் நின்றாரா? 2018 பிப்ரவரியில் 52ஆவது சூப்பர் பவுலில் பிரேடி 505 யார்டு வீசியும் நியூ இங்கிலாந்து பிலடெல்ஃபியாவிடம் 41–33 என்று தோற்றது. டிஃபென்ஸ் 538 யார்டு கொடுத்தது. சீசன் முழுக்க முதல் வரிசையில் ஆடிய கார்னர்பேக் மால்கம் பட்லர் காயமில்லாமல் தயாராக நின்றிருந்தார். டிஃபென்ஸில் ஒரு ப்ளேக்குக்கூட அவரை இறக்கவில்லை. தலைமைக் கோச் பில் பெலிசிக் காரணத்தை விளக்கமாகச் சொல்லவே இல்லை. இப்படி ஒரு பெயர் உங்கள் பட்டியலிலும் கிடைத்தால் மேலே உள்ள சோதனைகள் எதுவும் தேவையில்லை, தலைமைக் கோச்சின் கதவைத் தட்டுங்கள்.